மழைக்காலத்துக்கு முன்பே ஒரு வாரச் சாப்பாடு: குறைந்த செலவில் சேர்க்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சென்னையிலிருந்து கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி வரை கடலோரத்தில் மாதச் சம்பளத்திலோ தினக்கூலியிலோ குடும்பம் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் அக்கம்பக்கத்திலும் சொந்தக்காரர்களிடமும் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் பதில்களை ஒரே இடத்தில் போட்டுவிடலாம் என்று தோன்றியது. நான் சொல்ல வருவதில் முக்கியமானது ஒன்றுதான். மழைக்காலத்துக்கு அரிசி சேர்ப்பவர்கள் நிறையப் பேர், அடுப்பே இல்லாமல் சாப்பிடக்கூடியதைச் சேர்ப்பவர்கள் குறைவு. முதல் இரண்டு நாள் பசி போவது அதில்தான், செலவு குறைவதும் அதில்தான்.

தெருமுனையில் கடை இருக்கிறது, போனில் தட்டினால் பத்து நிமிடத்தில் சாமான் வருகிறது. எதற்குச் சேர்த்து வைக்க வேண்டும்?

கடையும் உங்கள் தெருவில்தானே இருக்கிறது. உங்கள் வாசலில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் கடைக்குள்ளும் நிற்கும், சாமான் கொண்டு வரும் பையனின் பைக்கும் வராது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரை புரண்டபோது சென்னையில் கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை, ஒரு லிட்டர் பால் 100 ரூபாய்க்கு விற்ற இடங்கள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் மழை நின்ற பிறகும் தண்ணீர் வடிய நாட்களானது, பால் பாக்கெட்டுக்கு ஊர் முழுக்க அலைந்தார்கள். அது முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பல ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. கடலோரம் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம், 2024-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு கடலே இல்லாத ஊத்தங்கரையில் ஒரு நாளில் 50 செ.மீ. பெய்தது.

அப்புறம் இன்னொன்று. புயல் வருகிறது என்ற அறிவிப்பு வந்த அன்று கடைக்குப் போய்ப் பாருங்கள், ரொட்டி, பால், மெழுகுவர்த்தி மூன்றும் முதலில் தீர்ந்திருக்கும், இருப்பதும் விலை ஏறியிருக்கும். பணம் இருப்பவர் அந்த விலையையும் கொடுத்து வாங்கிக்கொள்வார், எண்ணி எண்ணிச் செலவு செய்கிற குடும்பம்தான் அன்று மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் வசதி இல்லாதவர்களுக்கு இது இன்னும் அவசியம் என்கிறேன்.

எத்தனை நாளுக்குச் சேர்க்க வேண்டும்?

நகரத்தில் குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஏழு நாள். முதலில் மூன்று நாளை முடியுங்கள், பிறகு ஏழைப் பற்றி யோசிக்கலாம். டெல்டா கிராமங்களில் இருப்பவர்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து போன பிறகு கரண்ட் வர வாரக்கணக்கான ஊர்கள் உண்டு. மரமெல்லாம் சாலையில் விழுந்து கிடந்தால் லாரி எப்படி உள்ளே வரும்?

கையில் காசு மிச்சமே இல்லை. எவ்வளவு ஆகும், எங்கிருந்து தொடங்குவது?

நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு, வீட்டில் வழக்கமாக இருக்கும் அரிசி பருப்பு தவிர, புதிதாகச் செலவழிப்பது சுமார் 1,500 ரூபாய்க்குள் அடங்கும். இதை ஒரே நாளில் எடுத்து வைக்கச் சொன்னால் யாராலும் முடியாது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது, பெரிய புயல்கள் பெரும்பாலும் நவம்பரிலும் டிசம்பரிலும் வருகின்றன. அதனால் ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆடி முடிவதற்குள் ஆரம்பித்தால் பத்து வாரம் கிடைக்கும், வாரம் 150 ரூபாய். அதுவும் முடியாதென்றால் 70, 80 ரூபாய் போடுங்கள், மூன்று நாள் கணக்குக்கு அது போதும். தீபாவளிச் செலவு வந்து நிற்பதற்கு முன் முடித்துவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. துணிமணி, பலகாரம் என்று பணம் போகிற நேரத்தில் அவலுக்கு யார் ஒதுக்குவார்கள்?

தனியாகப் பட்டியல் போட்டு வாங்க வேண்டாம். மளிகைச் சாமான் வாங்கும்போதே ஒன்று மட்டும் கூட வாங்குங்கள். இந்த வாரம் அரைக் கிலோ பொட்டுக்கடலை, அடுத்த வாரம் ஒரு கிலோ அவல், அதற்கடுத்து வெல்லம். சீட்டு கட்டுகிற மாதிரி, வாரா வாரம் எடுத்து வைத்துவிட்டு அதை மறந்துவிட வேண்டும். நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து மொத்தக் கடையில் ஐந்து கிலோ, பத்து கிலோவாக வாங்கிப் பிரித்துக்கொண்டால் கிலோவுக்குக் கொஞ்சமாவது குறையும். வீடு தேடி வந்து தெருவில் விற்கும் ‘அவசர உணவுப் பெட்டி’ மாதிரியான பொருள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள், நம் மளிகைக் கடையில் இல்லாத எதுவும் அதில் இருக்கப் போவதில்லை.

முதலில் எதை வாங்குவது?

அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியதை. வெள்ளம் வந்த முதல் நாள் இரவு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சமையலறையில் தண்ணீர், சிலிண்டரை மேலே தூக்கி வைத்தாயிற்று, பிள்ளைகள் கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், இருட்டு. அந்த நேரத்தில் மூட்டை அரிசி இருந்து என்ன பயன்?

இதற்கு நம்மிடம் இருக்கிற சரக்கு மாதிரி வேறெங்கும் கிடையாது. அவலை ஒரு கை தண்ணீரில் ஊறவைத்தால் போதும், மெல்லிய அவல் ஐந்து நிமிடத்தில், கெட்டி அவல் கால் மணி நேரத்தில் தயார். வெல்லம் போட்டால் ஒரு சாப்பாடு, உப்பும் ஊறுகாயும் போட்டால் இன்னொரு சாப்பாடு. வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் அப்படியே மெல்லலாம், இரண்டிலும் புரதம் நிறைய இருக்கிறது, 100 கிராம் வேர்க்கடலையில் 560 கலோரிக்கு மேல் உண்டு, அதே எடை அரிசியில் 350 தான். விலையைப் பார்த்தாலும் வயிறு நிறைவதைப் பார்த்தாலும் பிஸ்கட்டைவிட இவை எவ்வளவோ மேல், ஆனால் குழந்தைகள் அழும்போது பிஸ்கட் வேண்டும், அதனால் சின்ன பாக்கெட்டுகளாகக் கொஞ்சம். பெரிய பாக்கெட்டைப் பிரித்தால் மழைக்காலத்தில் மறுநாளே நமுத்துவிடும். பொரி மலிவுதான், இடத்தை அடைக்கும், வயிற்றில் நிற்காது, கொஞ்சம் போதும். சத்துமாவு நல்லது, வறுத்து அரைத்ததாக இருந்தால் காய்ச்சிய தண்ணீரில் வெல்லத்தோடு பிசைந்து உருண்டையாகவே சாப்பிடலாம். கருப்பட்டி, எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க் எல்லாம் உங்கள் கைக்கு ஏற்ப.

இதற்குப் பிறகுதான் சமைப்பதற்கானவை: ரவை, சேமியா, பருப்பு. மிக்சியும் கிரைண்டரும் ஓடாது என்பதை மறக்க வேண்டாம், அரைத்துத்தான் ஆக வேண்டும் என்கிற எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், இவற்றில் இரண்டு மூன்று இருந்தாலே வெறும் சோறு சாப்பாடாகிவிடும். வத்தல், வடகம், அப்பளம் இருந்தால் எண்ணெய் கொஞ்சம் செலவாகும், பரவாயில்லை. கருவாடு சாப்பிடுகிறவர்களுக்குக் கருவாடு, நன்றாகக் காய்ந்ததை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். காய் என்றால் வெங்காயம், உருளை, சேனை, கருணை, வெட்டாத மஞ்சள் பூசணி, தேங்காய். இவையெல்லாம் பிரிட்ஜ் கேட்காது.

நாலு பேருக்கு ஒரு வாரத்துக்கு அளவு சொல்ல முடியுமா?

பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்று வைத்துக்கொண்டால்: அரிசி 7 கிலோ, துவரம்பருப்பும் பாசிப்பருப்புமாக ஒன்றரைக் கிலோ, அவல் 2 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, வேர்க்கடலை 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், ரவை அல்லது சேமியா 1 கிலோ, பால் பவுடர் அரைக் கிலோ, உப்பு, புளி, வத்தல், பொடி வகை, வெங்காயம் 2 கிலோ, கிழங்கு 2 கிலோ. எல்லோருக்கும் வயிறு நிறையும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். பாசிப்பருப்பைத் தவற விட வேண்டாம், துவரம்பருப்பைவிடச் சீக்கிரம் வேகும், கேஸ் மிச்சம். உங்கள் வீட்டில் யாருமே தொடாத ஒன்றை மலிவு என்பதற்காக வாங்கி அடுக்க வேண்டாம், மழை நாளில் பிள்ளைகள் புதுச் சாப்பாட்டைப் பழகிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ரேஷன் சாமானை இதற்குப் பயன்படுத்தலாமா?

கண்டிப்பாக, மலிவான வழியே அதுதான். தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே பருப்பு விற்கிற விலைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் பருப்பையும் பாமாயிலையும் விடாமல் வாங்குங்கள். சில வீடுகளில் ரேஷன் அரிசி பிடிக்கவில்லை என்று வாங்குவதே இல்லை, அல்லது அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுகிறார்கள். மழை மாதங்களில் மட்டுமாவது வாங்கி வையுங்கள், புழுங்கலரிசி கிடைத்தால் அதையே கேளுங்கள், கஞ்சிக்கும் பழையதுக்கும் அதுதான் சரி. நவம்பர், டிசம்பரில் மாதம் பிறந்ததும் முதல் வாரத்திலேயே போய் வாங்கிவிட வேண்டும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டு, நடுவில் புயல் வந்தால் கடையும் பூட்டியிருக்கும்.

தண்ணீர்? வெளியே வெள்ளம், உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகும், அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு நிச்சயம் ஆகும். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டியில் இருப்பது அரை நாளில் காலி, கேன்காரர் வரமாட்டார். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வையுங்கள், நாலு பேருக்கு 16 லிட்டர். ஒரு 20 லிட்டர் கேன் ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். மூன்று நாளுக்கு மூன்று கேன் வேண்டும்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. குளிர்பானம் வந்த 2 லிட்டர் பாட்டில்களைத் தூக்கிப் போடாமல் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள், புயல் அறிவிப்பு வந்த அன்றே கரண்ட் இருக்கும்போது பாட்டில், குடம், அண்டா, குக்கர் வரை நிரப்பி மூடி வைத்துவிடலாம். வாளி, டிரம் எல்லாம் பாத்திரம் கழுவவும் கக்கூசுக்கும். பெயிண்ட் வந்த வாளியில் குடிதண்ணீர் பிடிக்க வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

தரைக்கீழ் சம்ப் இருக்கிற வீடுகள் ஒன்றைக் கவனியுங்கள். தெருத் தண்ணீர் சம்ப்புக்குள் இறங்கிவிட்டால் அதில் சாக்கடையும் கலந்திருக்கும். தெளிவாகத் தெரிந்தாலும் அதைக் குடிக்காதீர்கள், முழுக்க இறைத்துச் சுத்தம் செய்து பிளீச்சிங் பவுடர் போட்டு அலசிய பிறகுதான் தொட வேண்டும். வேறு தண்ணீரில் சந்தேகம் இருந்தால் வெள்ளைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடியுங்கள். கேஸ் இல்லாதபோது குளோரின் மாத்திரை கைகொடுக்கும், மருந்துக் கடையில் முன்கூட்டியே வாங்கி, அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு அரை மணி நேரம் வையுங்கள். வெள்ளத்தோடு சேர்ந்து வருவது வயிற்றுப்போக்கு, அதற்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து இருக்கட்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக்கூடாது, உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

ஒரே ஒரு சிலிண்டர்தான் இருக்கிறது. தீர்ந்துபோனால்?

அக்டோபர் கடைசியில் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் தீரட்டும் என்று காத்திருக்காமல் புக் செய்யுங்கள். முடிந்தவர்கள் 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று வைத்துக்கொள்ளலாம், முடியாதவர்கள் இரண்டு வீடாகச் சேர்ந்து ஒரே அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம், 2015-இல் மொட்டைமாடிகளில் அப்படித்தான் பல குடும்பங்கள் சாப்பிட்டன. இண்டக்‌ஷனை நம்ப வேண்டாம்.

கேஸை மிச்சம் பிடிக்க வழிகள் இருக்கின்றன. அரிசியையும் பருப்பையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள், குக்கரில் ஒரே நேரத்தில் இரண்டையும் அடுக்குங்கள். இரவில் கொஞ்சம் கூடுதலாக வடித்து, ஆறியதும் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் மறுநாள் காலைக்குப் பழையது இருக்கிறது, அடுப்பே மூட்ட வேண்டாம். ஆனால் அதை மறுநாள் காலையே முடித்துவிட வேண்டும், மூன்றாம் வேளைக்கு இழுக்கக் கூடாது.

வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு சிலிண்டரை உயரத்தில் வையுங்கள், காலி சிலிண்டர் தண்ணீரில் மிதந்து போகும். கேஸ் வாடை அடித்தால் 1906. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தப் புகையில் தூக்கத்திலேயே உயிர் போகும்.

எடுத்து வைத்தால் வண்டு வந்துவிடுகிறதே?

மழைக்கு முன்னால் புரட்டாசி வெயிலில் ஒரு நாள் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். அரிசியில் காய்ந்த வேப்பிலை, வசம்புத் துண்டு, காய்ந்த மிளகாய் போடுவது நம் பாட்டிமார் செய்தது, இன்றும் வேலை செய்கிறது. துவரம்பருப்பில் ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி வைப்பார்கள், சமைக்கும்போது கழுவினால் போய்விடும். போரிக் பவுடர் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது சாப்பிடக்கூடிய பொருள் கிடையாது, தயவுசெய்து வேண்டாம். பூச்சி உருண்டையையும் சாப்பாட்டுச் சாமான் பக்கத்தில் வைக்காதீர்கள். வறுத்த வேர்க்கடலை இரண்டு மாதத்துக்கு மேல் வைத்தால் சிக்கு வாடை வரும், அதனால் பட்டியலில் அதைக் கடைசியாக, அக்டோபரில் வாங்குங்கள்.

ஒற்றை அறை வீடு. எங்கே வைப்பது?

பரண்தான். கட்டிலுக்கு அடியில் வைப்பது பழக்கமாக இருந்தாலும், தரைத்தளத்தில் முதலில் நனைவது அதுதான். பரண் இல்லையென்றால் பீரோ மேல். ஒரே பெரிய மூட்டையாக வைக்காமல், ஒரு ஆள் ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறக்கூடிய இரண்டு பைகளாகப் பிரியுங்கள். ஒன்றில் அடுப்பில்லாமல் சாப்பிடுகிற சாமான், ஒரு டம்ளர், ஒரு கரண்டி, கத்தி, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி. தீப்பெட்டியை பிளாஸ்டிக் கவரில் இரண்டு சுற்று சுற்றுங்கள். எலி வருகிற வீடென்றால் பை போதாது, தகர டின்னோ எவர்சில்வர் தூக்கோ வேண்டும். சாமான் டப்பாவிலேயே 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக ஒரு 500 ரூபாய் இருக்கட்டும், டவர் போனால் போனில் பணம் அனுப்ப முடியாது, பால்காரரிடம் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது.

கைக்குழந்தை இருக்கிறது. பாலுக்கு என்ன செய்வது?

தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு எக்காரணத்தைக் கொண்டும் நிறுத்த வேண்டாம், அம்மா பயந்திருந்தாலும் ஒருவேளை சாப்பிடாமல் இருந்தாலும் பால் சுரக்கும், அந்த நேரத்தில் அதைவிடச் சுத்தமான உணவு வேறில்லை. அம்மாவுக்கு முதலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுங்கள். டப்பா பால் குடிக்கிற குழந்தையென்றால் ஒரு டப்பா கூடுதலாக, கொதித்த தண்ணீர் ஃபிளாஸ்கில். பாட்டிலைச் சரியாகக் கொதிக்கவைக்க முடியாத நிலையில் சுத்தமான பால் சங்கோ டம்ளர் ஸ்பூனோ மேல். ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள், மழை மாதங்களில் அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பெரியவர்களுக்குக் காபி டீக்குப் பால் பவுடரே போதும். கெடாமல் மாதக்கணக்கில் இருக்கும் அட்டைப்பெட்டிப் பால் நல்லதுதான், விலை கூடுதல், ஒன்றிரண்டு போதும்.

வீட்டில் சர்க்கரை நோயாளி, வயதானவர் இருந்தால்?

வெல்லமும் பிஸ்கட்டுமாக வாங்கி அடுக்கினால் அவர்களுக்குச் சாப்பிட ஒன்றும் இருக்காது. பொட்டுக்கடலை, வேர்க்கடலை, பொடி போட்டு ஊறவைத்த கெட்டி அவல், கோதுமை ரவை என்று அவர்களுக்குத் தனியாக ஒரு டப்பா. ஆனால் மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் போனால் சர்க்கரை திடீரென இறங்கும், அதனால் அதே டப்பாவில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ இருந்தே ஆக வேண்டும். மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு முன்கூட்டி வாங்கி வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், பிரிட்ஜ் இல்லாமல் தங்கள் மருந்து எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், பல வகைகள் 30 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் வரை தாங்கும், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் டப்பாவில் வைப்பது எளிய வழி. பல் இல்லாத தாத்தா பாட்டிக்கு வேர்க்கடலையைப் பொடித்து வெல்லத்தோடு இடித்து வைத்துவிடலாம்.

கரண்ட் போனதும் பிரிட்ஜில் இருப்பதை என்ன செய்வது?

கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்குள் மீன், கறி, பால், மாவு எல்லாவற்றையும் சமைத்துச் சாப்பிட்டுவிடுங்கள், சேர்த்து வைத்த டப்பா சாமானைத் தொடாதீர்கள். கெட்டுப்போன குழம்பைத் திரும்பக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தப்பு, சில நஞ்சுகள் கொதித்தாலும் போகாது.

வெள்ளத் தண்ணீர் பட்ட சாமானைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாமா?

மனது கேட்காது, எனக்குத் தெரியும், ஒரு மூட்டை அரிசியைக் கொட்டுவது என்றால் சும்மாவா. ஆனால் அந்தத் தண்ணீரில் சாக்கடையும் எலி மூத்திரமும் இருக்கிறது, எலிக்காய்ச்சல் வருவது அப்படித்தான். அரிசி, பருப்பு, மாவு, கவரில் இருந்த பிஸ்கட், நனைந்த காய் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். சீல் பிரிக்காத, உப்பிப்போகாத, துருப்பிடிக்காத தகர டின் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைத்த தண்ணீரில் அலசித் திறக்கலாம்.

புயலே வராமல் போனால் எல்லாம் வீண்தானே?

ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. தை பிறந்ததும் அந்தப் பையைத் திறந்து சாதாரணச் சமையலில் போட்டுவிடுங்கள். அவல் உப்புமா ஆகும், வெல்லம் பொங்கலுக்கு, பொட்டுக்கடலை சட்னிக்கு, ஜனவரி மளிகைச் செலவு அந்த அளவுக்குக் குறையும். பிள்ளைகள் நடுவிலேயே தின்றுவிடுகிறார்கள் என்பது எல்லா வீட்டுப் புகாரும். அதற்கு ஒரே வழி, எடுத்ததை அடுத்த வார மளிகையில் திரும்ப வைப்பது. டப்பாவுக்கு மேல் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டிவிட்டால் பழையதை முதலில் எடுக்கலாம்.

இது எதையும் செய்யவில்லை. நாளை புயல் என்கிறார்கள், கையில் 500 ரூபாய்தான் இருக்கிறது. இப்போது என்ன?

முதலில் காசு செலவில்லாத வேலை. வீட்டில் இருக்கிற எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் பிடியுங்கள், எல்லா போனையும் சார்ஜில் போடுங்கள். பிறகு கடைக்கு, விடிந்ததும் போவது நல்லது. பாலுக்கும் ரொட்டிக்கும் நிற்கிற கூட்டத்தில் நிற்காமல் அவல் ஒரு கிலோ, பொட்டுக்கடலை அரைக் கிலோ, வேர்க்கடலை அரைக் கிலோ, வெல்லம் அரைக் கிலோ, சின்ன பிஸ்கட் பாக்கெட்டுகள், ஒரு சின்ன பால் பவுடர், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஓ.ஆர்.எஸ். வாங்குங்கள். 400 ரூபாயை ஒட்டி முடியும், மீதியைச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து, கேஸ் இருக்கும்போதே புளிக்காய்ச்சல் கிளறிப் புளியோதரையாகச் செய்துவிடுங்கள், நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஈரக்கை படாமல் எடுத்தால் மறுநாள் வரை தாங்கும்.

1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டத்துக்கு. எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், போன் அணைந்துவிட்டால் மனப்பாடமாகத் தெரிந்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் வந்தால் சாமானுக்காக உட்கார்ந்திருக்காமல் உடனே கிளம்புங்கள். முகாமில் சாப்பாடு தருவார்கள், ஆனால் முதல் வேளை வந்து சேர நேரமாகலாம். அதனால் அந்த அவல் பை, ஒரு பாட்டில் தண்ணீர், மாத்திரை, பிளாஸ்டிக் கவரில் ரேஷன் அட்டையும் ஆதாரும், இவ்வளவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.